இருக்கிறவங்க

“அந்த ரூமைப் பூட்டிடலாம்க்கா. இன்னைக்கே பூட்டு வாங்கிட்டு வந்து—”

“பூட்டிட்டு? சொல்லு. பூட்டிட்டு என்ன பண்ணப்போற?”

“எம் பொண்ணை எங்கூடவே வச்சுக்குவேன், மெஷின் பக்கத்துலயே—”

“உம் பொண்ணு ஒருத்திதான் இருக்காளா உள்ள? மத்தவளுங்க எல்லாம் புள்ளைய இடுப்புல கட்டிக்கிட்டு மெஷின் மிதிக்கணுமா?”

“என்னை ‘நீங்க’ங்கறாக்கா! பெத்தவளை! போன வாரம் வரைக்கும் ‘வாடி அம்மா’ன்னு முடியைப் புடிச்சு இழுத்தவ, காலையில எழுந்து ‘தண்ணி குடுங்க’ங்கறா.”

“மரியாதை கத்துக்கிட்டா. அவனவன் பள்ளிக்கூடத்துல பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டிக் கத்துக்குடுக்கறான். உனக்கு அதுவும் குத்தம். ம், தூக்கு.”

இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஷட்டரைத் தூக்கினார்கள். பழைய ஷட்டர். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் கோணிக்கொண்டு நின்றுவிடும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துத் தூக்க வேண்டும். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள் இருவருக்கும் சண்டை உச்சத்தில் இருந்த நாட்களிலும் இந்த ஒரு வேலை மட்டும் பிசகியதில்லை. பெரியவள் நெடுநெடுவென்று இருப்பாள், சின்னவள் அவள் தோள் உயரம்தான். அதனால் பெரியவள் சற்றுக் குனிந்தும் சின்னவள் நுனிக்காலில் நின்றும் தூக்குவார்கள். ஷட்டர் தடதடவென்று மேலே ஏறியது.

“அதுவும் இன்னைக்குப் பாத்து ஆரம்பிக்கிற,” என்றாள் பெரியவள் கையைத் தட்டிக்கொண்டே. “அந்த ஆபீஸ் பொண்ணு வர்ற நாளு. சிரிச்ச முகமா இரு. சாயங்காலம் நாம பேசிக்கலாம்.”

சின்னவளின் மகள் சிட்டு, மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, வாசல் ஓரம் கையைக் கட்டி நின்றிருந்தாள். நான்கு வயதுக் குழந்தை அப்படி நிற்காது. ஷட்டர் ஏறியதும் செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்து ஓரமாக விட்டாள். யாரையும் திரும்பிப் பார்க்காமல் மெஷின்களுக்கு நடுவே நடந்து பின்னறைக்குள் போனாள். பழக்கமான வீட்டுக்குள் போகிறவளைப் போலப் போனாள்.

அந்தக் கொட்டகை ஒரு காலத்தில் ஆலைத் தொழிலாளர்கள் சாப்பிடும் கூடமாக இருந்தது. ஆலை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. புகைபோக்கி மட்டும் ஊர் எல்லையில் நின்றுகொண்டிருந்தது. ஆண்கள் ஒவ்வொருவராக வெளியூர் வேலைக்குப் போனார்கள். பிறகு பேருந்து குறைந்தது, வங்கிக் கிளை போனது, மருந்துக்கடைக்காரரும் போனார். பெண்களும் குழந்தைகளும் படுத்த படுக்கையான மாமனார்களும் மிஞ்சினார்கள். இப்படி ஆகிவிட்ட ஊர்களுக்கு உதவி என்று ஒன்று வரும். இங்கேயும் வந்தது. முதலில் பயிற்சி வந்தது. வெள்ளைப் பலகையில் வட்டம் போட்டு, தொழில் என்றால் என்ன என்று ஒருவர் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் கடன் வந்தது. அப்புறம் தையல் மெஷின்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஸ்டிக்கரோடு, லாரியில் வந்து இறங்கின. தொழிற்சாலைகளில் வேலையாட்கள் போட்டுக்கொள்ளும் பருத்திக் கையுறை தைப்பது என்று முடிவானது. பெரியவள்தான் முன்னால் நின்றாள். மற்ற பெண்கள் அவளை மேனேஜர் என்று கேலியாகக் கூப்பிட ஆரம்பித்து, கேலி போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

எல்லாம் வந்தும் தொழில் நடக்கவில்லை. குழந்தைகள் இருந்தார்கள். ஒருத்தி தைத்துக்கொண்டிருக்கும்போது அவள் மகன் மிதியில் ஏறி உட்கார்ந்துகொள்வான். இன்னொருத்தியின் கைக்குழந்தை நூல்கண்டை வாயில் போட்டுக்கொள்ளும். வெட்டுகிறவள் கத்தரியைக் கீழே வைக்கவே பயப்பட்டாள். ஒரு ஜோடி உறை தைத்து முடிப்பதற்குள் பத்து தடவை எழுந்திருக்க வேண்டியிருந்தது. லாரி வரும் நாளில் பாதிச் சரக்குதான் இருக்கும். டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான்.

அதற்கு மேல் அந்தக் கைகள் வேறு. தைத்த உறையைக் குச்சியால் குத்தி தையல் வரம்பு உள்ளே போகும்படி திருப்பி, சூடேற்றிய உலோகக் கையில் மாட்டி இழுத்தால்தான் சுருக்கம் போய் உறை ஒழுங்காக நிற்கும். கொட்டகையின் கோடியில் நீளமான மேசை மேல் அந்தக் கைகள் வரிசையாக, விரல்களை மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அங்கே வேலை செய்கிறவள் இஸ்திரியக்கா. அவள் மகன் உருண்டை, பேருக்கேற்ற பையன், ஒரு நாள் நாற்காலி மேல் ஏறி, வெறுமையாக நின்ற ஒரு கையோடு தன் கையைக் கோத்துக்கொண்டான். அவன் அலறியதில் எல்லா மெஷினும் நின்றது. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். பிறகு கேட்டபோது, “கை நீட்டுச்சும்மா, அதான் புடிச்சேன்” என்றான்.

அன்றைக்குத்தான் பெரியவள் பின்னறையைத் திறந்தாள். கொட்டகையை ஒட்டினாற்போல், ஜன்னல் இல்லாத அறை. கூரையடியில் காற்றுக்காக நாலு ஓட்டை மட்டும். உள்ளே ஒன்றுமில்லை. சுவரில் ஒரு வரிசை கொக்கிகள், இடுப்புக்கும் கீழே இருந்தன. அவ்வளவு தாழ்வாக எதற்குக் கொக்கி என்று யாருக்கும் தெரியவில்லை. ஆலை ஓடிய நாளில் அது சாமான் அறை என்றாள் ஒருத்தி. இல்லை, நர்ஸ் உட்காரும் அறை என்றாள் இன்னொருத்தி. பாய் விரித்து, தேறாத கையுறைகளைக் கூடை நிறைய விளையாடக் கொடுத்து, பிள்ளைகளை உள்ளே விட்டார்கள். அவர்கள் தங்கள் பைகளை அந்தக் கொக்கிகளில் மாட்டினார்கள். அளவெடுத்து அடித்ததுபோல் எட்டியது.

முதலில் ஒரே அழுகை. கதவு அதிர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து அழுகை நின்றது. தேய்ந்து அடங்கவில்லை. யாரோ விரலை உதட்டில் வைத்தாற்போல, எல்லாக் குழந்தைக்கும் ஒரே நேரத்தில் நின்றது. இஸ்திரியக்கா பதறிப்போய்க் கதவை இடுக்கு அளவு திறந்து பார்த்தாள். பிள்ளைகள் அரைவட்டமாகச் சம்மணம் போட்டு, மூலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முகத்திலும் கதை கேட்கிற வாய்.

“யாருடா கதை சொல்றது?” என்று அன்று சாயங்காலம் கேட்டாள்.

“இருக்கிறவங்க,” என்றான் உருண்டை.

“யாரு இருக்கறது?”

“அதான்மா, இருக்கிறவங்க.”

பெண்கள் சிரித்தார்கள். மறுநாளும் சிரித்தார்கள். லாரிக்குச் சரக்கு முழுசாகப் போன அன்று யாரும் சிரிக்கவில்லை. அந்த அறையைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. மெஷின்கள் கூடின. ஒருத்தி வீட்டுக் கூரை மாறியது, இன்னொருத்தி கண்ணாடி போட்டுக்கொண்டாள், தன் மருந்துக்குக் கொழுந்தனிடம் கை நீட்டிக்கொண்டிருந்த ஒருத்தி அதை நிறுத்தினாள். பிள்ளைகள் தேறினார்கள். எண்ணக் கற்றுக்கொண்டார்கள். கையலம்பிவிட்டுச் சாப்பிட்டார்கள். இவற்றை யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்க ஒருத்திக்கும் வாய் வரவில்லை. பெரியவர்கள் யாரும் அந்த நிலைப்படியைத் தாண்டுவதில்லை என்பது மட்டும், யாரும் சொல்லாமலே, பழக்கமாயிற்று.

இன்னொரு பழக்கமும் வந்தது. அது பட்டுத் தெரிந்துகொண்டது. குழந்தையை உள்ளே விடும்போது வாசலில் நின்று, யார் எப்போது வந்து கூட்டிக்கொண்டு போவார்கள் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னது சொன்னபடி நடக்கும். “சாயங்காலம் நான் வந்து கூட்டிக்கிறேன்” என்றால் சாயங்காலம் அம்மா குரல் கேட்டதும் குழந்தை எழுந்து ஓடிவரும். மதியமே போய்க் கூப்பிட்டால் ஏறிட்டும் பார்க்காது. வெட்டுகிறவள் ஒரு நாள், துணி காயப்போட்டுவிட்டு வந்த அவசரத்தில், “மழை வந்தா வந்து கூட்டிக்கிறேன்” என்று சொல்லிவிட்டாள். மழை வரவில்லை. அன்று பொழுது சாய்ந்து மற்றப் பிள்ளைகள் எல்லாம் போன பிறகும் அவள் மகள் மூலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கெஞ்சியும் பார்த்தாயிற்று, அதட்டியும் பார்த்தாயிற்று. கடைசியில் இஸ்திரியக்கா ஏணி போட்டு ஏறி, குடம் குடமாகத் தண்ணீரை வாங்கித் தகரக் கூரை மேல் ஊற்றினாள். சடசடவென்று சத்தம் கேட்டதும் அந்தப் பெண் எழுந்து, பாவாடையைத் தட்டிக்கொண்டு, “மழை வந்துடுச்சா?” என்று வெளியே வந்தாள். நனைந்த தலையோடு இஸ்திரியக்கா கூரை மேல் உட்கார்ந்து சிரித்தாள். “நல்லவேளை, மாப்பிள்ளை வந்தா கூட்டிக்கிறேன்னு சொல்லாம விட்டியே!”

ஆபீஸ் பெண் பதினொரு மணி வாக்கில் வந்தாள். சின்னப் பெண், வெயிலில் முகம் கன்றியிருந்தது. பின்தங்கிய இடங்களில் பெண்கள் நடத்தும் தொழில்களைப் பார்த்து, எது உருப்பட்டது, எது ஏன் படுத்தது என்று எழுதும் வேலை அவளுக்கு. இந்தப் பக்கத்தில் இது போல ஆரம்பித்தவை எல்லாம் மூடிவிட்டன, இது ஒன்றுதான் ஓடுகிறது என்று அவளே சொன்னாள். அவள் பார்வை மெஷின் மெஷினாகத் தாவியது, உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பெரியவள் எதிரே உட்கார்ந்தாள்.

“உங்க வெற்றிக்கு முக்கியமான காரணம்னு எதைச் சொல்வீங்க?”

“பயிற்சிங்க,” என்றாள் பெரியவள். முன்பே யோசித்து வைத்திருந்தாள். “அப்புறம் கடன் சுளுவா கிடைச்சது. எல்லாரும் ஒத்துமையா...”

“வீட்ல ஆதரவு?”

“அதைக் கேளுங்க மேடம்,” என்று இஸ்திரியக்கா மேசையிலிருந்து குரல் கொடுத்தாள். “எங்க வீட்டுக்காரங்க யாரும் ஊர்லயே இல்ல. அதைவிட என்ன ஆதரவு வேணும்?”

கொட்டகையே சிரித்தது. ஆபீஸ் பெண்ணும் சிரித்தாள். சின்னவள் மட்டும் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் மடிப்பில் அவள் இரட்டைத் தையல் போடுவாள். அங்கேதான் உறை முதலில் பிரியும் என்று அவளாகக் கண்டுபிடித்தது. அதை அவள் மட்டும்தான் போடுவாள்.

“குழந்தைங்களை எங்க விடறீங்க?” என்று கேட்டாள் ஆபீஸ் பெண். “மத்த ஊர்ல எல்லாம் இதுலதான் போய் முட்டிக்கிச்சு. பணம் இருந்துச்சு, மெஷின் இருந்துச்சு. பாத்துக்க ஆள் இல்ல.”

மிதிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்தன.

“பின்னாடி ஒரு ரூம் இருக்கு,” என்றாள் பெரியவள். “அவங்களா விளையாடிக்குவாங்க.”

“பாக்கலாமா?”

“தூங்கற நேரம்...” என்று பெரியவள் எழுவதற்குள் அந்தப் பெண் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். கதவைத் தள்ளினாள். நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனாள். கதவு அவள் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. அந்தக் கதவு எப்போதும் அப்படித்தான் சாத்திக்கொள்ளும், கீல் சரியில்லை என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் யாரும் மிதியில் கால் வைக்கவில்லை. உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. ஏதோ கேட்டாள். இடைவெளி விட்டாள். சிரித்தாள். மறுபடி ஏதோ கேட்டாள், மறுபடி இடைவெளி விட்டாள்.

வெளியே வந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது.

“ஏங்க, இதை முதல்ல சொல்லியிருக்க வேண்டாமா? எவ்ளோ பொறுமையா பாத்துக்கறாங்க அந்தம்மா! அவங்களுக்கு என்ன குடுக்கறீங்க?”

பெரியவள் வாயைத் திறந்தாள். “அவங்க... ஒண்ணும் கேட்டதில்லைங்க.”

“கேக்கலைன்னா குடுக்காம இருக்கலாமா? உங்க தொழிலே அவங்களாலதான் நிக்குது. பேரு கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டாங்க. கையில கூட உங்க உறைதான் போட்டிருந்தாங்க.” சிரித்தாள். “என்னையும் உக்காரச் சொன்னாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன்.”

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு அவளே தொடர்ந்தாள்.

“ஒரு குழந்தை அவங்களோடதுதானே? மடியை விட்டு இறங்கவே இல்லை.”

“எந்தக் குழந்தை?” என்றாள் சின்னவள். ஷட்டரைத் தூக்கியதிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

“மஞ்சச் சட்டை.”

ஆபீஸ் பெண்ணைப் பேருந்து ஏற்றிவிடப் பெரியவள்தான் போக வேண்டும். அவள் போகவில்லை. வேறொருத்தி கூடப் போனாள். சின்னவள் மெஷினை விட்டு எழுந்து வந்து பெரியவள் எதிரே நின்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பெரியவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“போன வாரம் லாரி வந்த அன்னைக்கு எனக்கு எழுந்திரிக்க முடியல. நீதானேக்கா சிட்டுவை உள்ள விட்ட?”

“ஆமா.”

“என்ன சொல்லி விட்ட?”

“அவன் ஹாரனை அடிச்சுக்கிட்டே இருந்தான்டி. மூட்டை கட்டல, எண்ணிப்போடல. இவ வேற கழுத்தைக் கட்டிக்கிட்டு விடமாட்டேங்கறா. கையைப் பிரிச்சு உள்ள இறக்கிட்டு...”

“என்ன சொன்ன?”

பெரியவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். “ஓடி வந்துட்டேன்,” என்றாள்.

“நீ வருவேன்னு சொல்லலை. நான் வருவேன்னும் சொல்லலை.”

“சாயங்காலம் நீ போய்த் தூக்கிட்டுதானே வந்த? வரலியா அவ?”

“நிலைப்படிக்கிட்டயே தூங்கிட்டிருந்தாக்கா. எட்டித் தூக்கிட்டு வந்தேன். அன்னையிலேருந்து தெனமும் அப்படித்தான்.” சின்னவள் குரல் அங்கேதான் உடைந்தது. “அவளா எழுந்து வரலை.”

பின்னறைக் கதவருகே எல்லோரும் கூடிவிட்டார்கள். இஸ்திரியக்கா கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சிட்டு மட்டும் விழித்திருந்தாள். மூலையில், சுவரிலிருந்து தள்ளி, காலை நீட்டிப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாற்காலியில் சாய்கிற சாய்வு. அவள் முதுகுக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

“சிட்டு, வா. அம்மா வந்துட்டேன்.”

குழந்தை நிமிர்ந்து பார்த்தாள். அறிமுகம் இல்லாத பெரியவர்களைப் பார்க்கிற அடக்கமான பார்வை. “மெதுவா பேசுங்க,” என்றாள். “எல்லாரும் தூங்கறாங்க.”

பெரியவள் சின்னவளைத் தாண்டிக்கொண்டு நிலைப்படி வரைக்கும் வந்தாள். மேனேஜர் குரல் இல்லை அது. “தப்பு எம்மேலதாங்க. நான் சொல்ல மறந்துட்டேன். இப்ப சொல்றேன். சாயங்காலம் இவ அம்மா வந்து கூட்டிக்குவா. சொல்லிட்டேன். கேட்டுச்சுங்களா?” மூலையைப் பார்த்துத்தான் சொன்னாள். இத்தனை நாளில் ஒரு பெரிய மனுஷி அந்த மூலையோடு நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. கூரையடி ஓட்டைகளிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் பஞ்சுத் துகள் மிதந்தது. மூலைக்கு அருகே மட்டும் துகள்கள் விலகிப் போயின.

அவர்கள் சாயங்காலம் வரை காத்திருந்தார்கள். வேலை பார்த்தார்கள் என்றும் சொல்லலாம், கைகள் அசைந்துகொண்டுதான் இருந்தன. பொழுது சாய்ந்ததும் ஒவ்வொருத்தியாகப் போய் வாசலில் நின்று கூப்பிட்டாள். அந்தந்தக் குழந்தை எழுந்து, கொக்கியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு, அந்தந்த அம்மாவிடம் வந்தது. உருண்டை கொட்டாவி விட்டுக்கொண்டே வந்து இஸ்திரியக்காவின் முந்தானையைப் பிடித்தான். அவள் அவனைத் தூக்கி இறுக்கிக்கொண்ட இறுக்கத்தில் அவன் திமிறினான். சின்னவள் கூப்பிட்டாள். சிட்டு வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

“தண்ணி ஊத்தலாமா?” என்றாள் வெட்டுகிறவள் மெதுவாக. “அன்னைக்கு மாதிரி ஏதாவது...”

“நீ மழைன்னு சொல்லியிருந்த, மழையை வரவழைச்சோம்,” என்றாள் இஸ்திரியக்கா. “ஒண்ணைச் சொல்லிட்டு விட்டா அதைச் செஞ்சு காட்டலாம். ஒண்ணுமே சொல்லாம விட்டதுக்கு என்னத்தைடி செய்யறது?” சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சின்னவள் காதில் விழுந்திருக்கக் கூடாது. விழுந்திருந்தது.

மற்றவர்கள் போனார்கள். போகிறேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. தலையைக் குனிந்தபடி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, வேறொருத்தி வீட்டுத் துக்கத்திலிருந்து கழன்றுகொள்வதுபோல் போனார்கள். நாளைக்கு வருவார்களா என்று பெரியவளுக்குத் தோன்றிற்று. வருவார்கள் என்று உடனே பதிலும் தோன்றிற்று. நாளைக்குக் குழந்தையை இங்கே விடாமல் எங்கே விடுவார்கள்? அந்தப் பதில்தான் அவளை உட்கார வைத்துவிட்டது. மெஷின் ஸ்டூலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“தூக்கிட்டுப் போயிடு,” என்றாள். “அன்னைக்கு மாதிரி தூங்கட்டும், தூக்கிட்டுப் போயிடலாம். இனிமே கூட்டிட்டு வராத. நீ வேலைக்கே வராட்டியும் பரவாயில்ல, உம் பங்கு உனக்கு வந்துடும்.”

“தூக்கிட்டுப் போய்?” என்றாள் சின்னவள். “அவ வீட்ல உக்காந்து ‘நீங்க, நீங்க’ன்னு என்னைக் கேட்டுக்கிட்டிருக்கவா? உடம்பைத் தூக்கிட்டுப் போய் நான் என்னக்கா பண்றது?”

செருப்பைக் கழற்றினாள். மகளுடைய செருப்புக்குப் பக்கத்தில் விட்டாள். பெரியவள், “ஏய், உள்ள போகாத—” என்று எழுவதற்குள் நிலைப்படியைத் தாண்டியிருந்தாள். கதவு அவள் பின்னால் மெல்லச் சாய்ந்து, முழுதும் சாத்தாமல் நின்றது. அவளை யார் எப்போது வந்து கூட்டிக்கொள்வார்கள் என்று வாசலில் யாரும் சொல்லியிருக்கவில்லை.

உள்ளே குளிராக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. வேலை முடிந்த மெஷினின் தலையைத் தொட்டால் இருக்குமே, அந்தக் கதகதப்பு இருந்தது. பாய் முழுக்கத் தேறாத கையுறைகள் கிடந்தன. சிட்டு நகர்ந்து இடம் விட்டாள்.

“உக்காருங்க,” என்றாள்.

சின்னவள் உட்கார்ந்தாள். மகளை ஒரு கையால் வளைத்துக்கொண்டாள். குழந்தை விலகவில்லை, சாயவும் இல்லை. இப்படியே இருந்தால் இவள் மெதுவாகச் சாய்வாள் என்று சின்னவள் நினைத்தாள். நான் போகவில்லை என்று இவளுக்குத் தெரிந்தால் போதும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. தையல் ஸ்டூலுக்கு முதுகு கிடையாது. வருஷக்கணக்கில் குனிந்தே இருந்த முதுகு அவளைக் கேட்காமலே பின்னால் சாய்ந்தது. மெத்தென்று எதன் மீதோ சாய்ந்தது. சுவர் இன்னும் தள்ளி இருந்தது என்பது அவளுக்கு நினைவு வந்தது. எழுந்திருக்க வேண்டும் என்றும் நினைவு வந்தது.

அப்போது அவள் தலைமேல் ஒரு கை வந்து படிந்தது. பருத்தி. முடியைக் கோதிக்கொண்டு மெதுவாக இறங்கியது. விரல்களின் ஓரம் முழுக்கத் தையல் வரம்பு நெருடியது. திருப்பாத உறை, உட்பக்கம் வெளியே இருக்கிறது. கட்டைவிரல் மடிப்பில் தையல் இரட்டையாக இருந்தது. பயப்பட வேண்டிய நேரத்தில் அவளுக்கு, ஐயோ, திருப்பாமலே போட்டுக்கொண்டிருக்கிறார்களே, பிள்ளைகளுக்கு உறுத்துமே என்றுதான் பட்டது. யாராவது திருப்பிக் கொடுத்திருக்கலாம். இத்தனை நாளில் யாராவது ஒருத்தி. கை மறுபடி உச்சியிலிருந்து இறங்கியது. சிட்டு இப்போது அவள் மேல் சாய்ந்தாள், முழு பாரத்தையும் போட்டுச் சாய்ந்தாள். தோளில் குழந்தையின் மூச்சு சுட்டது. சின்னவளின் கழுத்து தளர்ந்தது.

“வந்துட்டாளா உங்கிட்ட?” என்றது வாசலிலிருந்து ஒரு குரல். “அப்ப எழுந்து வா. வீட்டுக்குப் போலாம்.”

எல்லா மெஷினும் ஓடும்போது கோடியிலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் கேட்டது. ஆனால் மெஷின்கள் நின்று நெடுநேரம் ஆகியிருந்தது. பெரியவளின் குரல்தான். பதில் சொல்ல வேண்டும் என்று சின்னவள் நினைத்தாள். இந்தக் கை இன்னும் ஒரு தடவை இறங்கட்டும், அப்புறம் சொல்லலாம்.

“இருட்டப் போகுதுடி. எழுந்திரு. ஏன் அப்பிடி மூலையையே பாக்கற?”

கதவு இடுக்கில் பெரியவளின் கால்விரல்கள் தெரிந்தன. நிலைப்படிக்கு அந்தப் பக்கம், அதைத் தொடாமல் நின்றன.

“கோவம்னா திட்டுடி. வாயைத் திறந்து என்னை ஒரு வார்த்தை திட்டிடுடி.”